ரொட்டிப் பொட்டலம்

என் பேரனுக்குப் பதின்மூன்று வயது. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்தில், டல்லஸ் நகரத்தை ஒட்டிய ஒரு பேட்டையில் தாய் தகப்பனாருடன் இருக்கிறான். அப்பா ஒன்று சொன்னால் ‘அப்புறம்’ என்பான். அம்மா சொன்னால் ‘ஏன்?’ என்பான்; தாத்தா சொன்னால் சிரிப்பான். ஆனால் ‘கோச் சொன்னார்’ என்று வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கோச் சொன்னார் என்று ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறான். கோச் சொன்னார் என்று கீரை தின்கிறான். ஐம்பது வருஷமாகக் கதை எழுதியும் ஒரு வாசகரைக் கூட என்னால் கீரை தின்ன வைக்க முடிந்ததில்லை. கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு இந்த மனுஷர் எப்படிச் சாதிக்கிறார் என்று பார்ப்பதற்காகவே, சென்ற புரட்டாசியில் அங்கே போயிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன்.

அவர்கள் ஆடியதற்குப் பெயர் ‘ஃபுட்பால்’. காலால் உதைப்பது அபூர்வமாக நடக்கிறது. பந்தும் உருண்டை அல்ல. குடுமி வைத்து உரித்த தேங்காய் மாதிரி இருபுறமும் கூம்பியிருக்கிறது. கட்சிக்குப் பதினொரு பேர். தலையில் இரும்புக் கம்பி வைத்த கவசம், தோளில் திண்டு. நாலு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் எல்லாரும் வட்டமாகக் கூடி ரகசியம் பேசுகிறார்கள், பிறகு மோதுகிறார்கள், பிறகு மறுபடியும் ரகசியம் பேசுகிறார்கள். சடுகுடுவையும் பஞ்சாயத்துக் கூட்டத்தையும் சேர்த்துக் கலக்கியது போல் இருந்தது எனக்கு. இதே கோச் வசந்த காலம் வந்தால் பேஸ்பால் சொல்லிக் கொடுப்பாராம். அது கிரிக்கெட்டுக்குப் பங்காளி, நம்முடைய கிட்டிப்புள்ளுக்குத் தூரத்து உறவு. இரண்டுக்கும் நடுவே வகுப்பில் சரித்திரப் பாடமும் நடத்துகிறார். அமெரிக்காவில் சின்னப் பள்ளிக்கூடங்களிலும் சின்னக் கல்லூரிகளிலும் இப்படி ஒரே ஆசாமி எல்லாவற்றையும் சுமப்பது பழைய வழக்கமாம்.

அந்தக் கோச் பையன்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் கொடுத்திருந்தார். தங்களுக்குப் பிடித்த ஒரு பயிற்சியாளரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வர வேண்டும். என் பேரன் தேர்ந்தெடுத்தது எடி ராபின்ஸன் என்பவரை. “தாத்தா, நீங்கதான் ரைட்டர் ஆச்சே, ஹெல்ப் பண்ணுங்க” என்று நாலு புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டுவிட்டு, கோச் சொன்னபடி ஒன்பது மணிக்குத் தூங்கப் போய்விட்டான். எனக்கு அந்த ஊரில் ராத்திரி தூக்கம் வருவதில்லை. உட்கார்ந்து படித்தேன்.

ராபின்ஸன் 1919-ல் லூயிஸியானா மாகாணத்தில் ஜாக்ஸன் என்ற சிற்றூரில் பிறந்தார். கறுப்பர். தகப்பனார் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவர். தாயார் பிறர் வீட்டில் வேலை செய்தவர். பேட்டன் ரூஜ் நகரத்தில் வளர்ந்தார். லேலண்டு என்ற சின்னக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஃபுட்பால் ஆடினார். பட்டம் வாங்கியாயிற்று. ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஊரில் ஒரு கறுப்புப் பட்டதாரிக்குக் கிடைத்த உத்தியோகம் மாட்டுத் தீவன ஆலையில் மூட்டை தூக்குவது. மணிக்கு இருபத்தைந்து சென்ட் கூலி. கல்யாணமும் ஆகிவிட்டது.

இந்தச் சமயத்தில் வடக்கு லூயிஸியானாவில் கிராம்பிளிங் என்ற ஊரிலிருந்த பள்ளியில் கோச் வேலை காலியாக இருப்பதாகத் தகவல் வந்தது. அந்தப் பள்ளியின் கதையே தனிக் கதை. 1901-ல் அந்த வட்டாரத்துக் கறுப்புக் குடியானவர்கள் தாங்களாகவே கூடி, தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று டஸ்கிகீயிலிருந்த புக்கர் வாஷிங்டனுக்கு எழுதினார்கள். அவர் சார்லஸ் ஆடம்ஸ் என்ற ஒருவரை அனுப்பிவைத்தார். அப்படி முளைத்தது. 1941-ல் அதன் பெயர் ‘லூயிஸியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்’. பந்தயத்தில் ஆதரவாளர்கள் இந்தப் பெயரைச் சொல்லி ‘விடாதே, பிடி!’ என்று கூவி முடிப்பதற்குள் எதிர்க்கட்சி கோல் போட்டுவிடுமாம். அதனால்தான் 1946-ல் கிராம்பிளிங் கல்லூரி என்று சுருக்கினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அங்கே பிரசிடெண்டாக இருந்தவர் பெயர் ரால்ஃப் வால்டோ எமர்ஸன் ஜோன்ஸ். கட்டுரை எழுதிய எமர்ஸனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த பெற்றோர் வாழ்க! கட்டுரைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம். ஆனால் இந்த எமர்ஸன் பேஸ்பால் பைத்தியம். கல்லூரித் தலைவராக 1936 முதல் 1977 வரை இருந்தவர், பேஸ்பால் அணிக்கும் தாமே கோச். காலையில் அரசாங்கத்துக்குப் பணம் கேட்டுக் கடிதம் எழுதுவது, மாலையில் பையன்களுக்குப் பந்து வீசக் கற்றுக் கொடுப்பது. அவரிடம் ஆடிய டாமி ஏஜீ, 1969-ல் நியூயார்க் மெட்ஸ் அணி உலக சாம்பியனானபோது பிடித்த இரண்டு பந்துகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ரால்ஃப் கார் 1974-ல் நேஷனல் லீகின் மட்டையடியில் முதல்வராக வந்தார்.

அந்த ஜோன்ஸ் இருபத்திரண்டு வயது ராபின்ஸனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். சம்பளம் மாதம் அறுபத்து மூன்று டாலர் எழுபத்தைந்து சென்ட். உதவியாளர் கிடையாது. வைத்தியர் கிடையாது. மைதானத்துப் புல்லை வெட்டுவதும் ராபின்ஸன், சுண்ணாம்புக் கோடு போடுவதும் ராபின்ஸன், காலை ஒடித்துக்கொண்டவனை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் ராபின்ஸன். பந்தயம் முடிந்த பிறகு பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புவதும் அவரே. கூடைப்பந்தும் அவர் தலையில் விழுந்தது. முதல் வருஷம் எட்டு பந்தயத்தில் ஐந்து தோல்வி. அடுத்த வருஷம், 1942-ல், ஒன்பது பந்தயத்திலும் ஜெயம். அதுவும் எதிர்க்கட்சி ஒரு பாயிண்ட் கூட எடுக்காமல்! பிறகு யுத்தம் வந்து இரண்டு வருஷம் அணியே இல்லை.

அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த இரண்டு சகோதரர்களை அவர்கள் தகப்பனார், பருத்தி எடுக்க ஆள் இல்லை என்று வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ராபின்ஸன் தகப்பனாரோடு வாதாடவில்லை. மொத்த அணியையும் அழைத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போய்ப் பருத்தி எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு பையன்களையும் திருப்பிக் கூட்டி வந்தார். இதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்ட வேண்டும் போல் இருந்தது. ராத்திரி இரண்டு மணி, தட்டவில்லை.

அடுத்து ஒரு வரி. வெளியூர்ப் பந்தயங்களுக்குப் போகும்போது ராபின்ஸன் தாமே ரொட்டியில் இறைச்சித் துண்டு வைத்து சாண்ட்விச் பண்ணிப் பொட்டலம் கட்டி எடுத்துப் போவார். ஏனென்றால் வழியிலிருந்த வெள்ளையர் ஹோட்டல்களில் அந்தப் பையன்களை உள்ளே விட மாட்டார்கள்.

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். புத்தகத்தை மூடி வைத்தேன். அறுபது வருஷத்துக்கு மேலாக நான் நினைத்துப் பார்க்காத ஒரு வாசனை, வாழை இலையில் கட்டி வதங்கிய புளியோதரையின் வாசனை, டெக்ஸஸ் மாகாணத்தில் அந்த நடு ராத்திரியில் வந்தது.

கீழத் தஞ்சையில் நான் படித்த உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். நெட்டையாக, கறுப்பாக, முழங்கால் வரைக்கும் தொங்கும் காக்கி நிஜாருடன் இருப்பார். எங்கள் கால்பந்து அணிக்கு (நிஜக் கால்பந்து, காலால் உதைப்பது) அவர்தான் எல்லாம். பந்தில் தையல் விட்டால் ஊசி நூல் எடுத்துத் தைப்பார். பிளாடர் பஞ்சரானால் சைக்கிள் கடைக்குப் போய் ஒட்டிக்கொண்டு வருவார். சனிக்கிழமை காலையில் ஒரு பழைய வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, தென்னை மட்டையால் கோடு போட்டபடி மைதானத்தைச் சுற்றி வருவார். 1961-ல் நான் அணியில் சேர்ந்தேன். ஆட்டம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஓட வரும், பந்து மட்டும் என்னோடு வராது.

வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பள்ளிக்கூடத்தில் தலைக்கு ஒன்றேகால் ரூபாய் சாப்பாட்டுப் படி கொடுப்பார்கள். மற்றப் பள்ளிப் பையன்கள் ஜம்மென்று ஹோட்டலில் நுழைந்து பூரி, கிழங்கு, ரவா தோசை என்று வெளுத்துக் கட்டுவார்கள். எங்களுக்கோ மாஸ்டர் வீட்டிலிருந்து புளியோதரைப் பொட்டலம். மாஸ்டருடைய சம்சாரம் விடியற்காலையில் எழுந்து கிளறிக் கட்டிக் கொடுத்தது. ஏதாவது ஒரு ஆலமரத்தடியிலோ குளத்தங்கரையிலோ எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, தாமும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஹோட்டல் வாசலைக் கூட மிதிக்க விட மாட்டார். டீ குடிக்க வேண்டும் என்றால் ஒரு கூஜாவில் வாங்கி வந்து, அவர் கொண்டுவந்த தம்ளர்களிலேயே ஊற்றிக் கொடுப்பார்.

எங்களுக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்றேகால் ரூபாயில் நாலணாச் சோறு போட்டுவிட்டு மிச்சத்தை மனுஷர் முடிந்துகொள்கிறார் என்று முடிவு கட்டினோம். யார் முதலில் சொன்னது என்று ஞாபகமில்லை. தலைமையாசிரியருக்கு மனு எழுத வேண்டும் என்று தீர்மானமாயிற்று. எழுதுவது யார்? தமிழ்க் கட்டுரையில் முதல் மார்க்கு வாங்குகிறவன் அணியில் ஒருவன்தான் இருந்தான்.

‘மகா கனம் பொருந்திய தலைமையாசிரியர் அவர்கள் சமூகத்துக்கு’ என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘ஏழை மாணவர் வயிற்றில் அடிக்கும்’ என்று ஒரு பிரயோகம் கூடப் போட்டேன். கையெழுத்துப் போடவில்லை. மொட்டைக் கடிதம். என்னுடைய முதல் சிறுகதை எந்தப் பத்திரிகையில் எந்த வருஷம் வந்தது என்று பேட்டிகளில் கேட்பார்கள், சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் எழுதி, ஒருவர் படித்து, அதனால் உலகத்தில் ஏதோ ஒன்று நடந்த முதல் எழுத்து அந்த மனுதான்.

மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த போட்டிக்கு வேறொரு வாத்தியார் எங்களை அழைத்துக்கொண்டு போனார். ஹோட்டலில் பூரி சாப்பிட்டோம். எங்கள் கோல் கீப்பர் மட்டும் காய்ச்சல் என்று வரவில்லை. நாலு கோல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மாஸ்டர் அதற்குப் பிறகு காலை டிரில்லோடு சரி. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

இரண்டரை மணிக்குக் கணக்குப் போட்டேன். நம் ஊரில் அப்போது மத்தியான்னம் ஒரு மணி. எங்கள் கோல் கீப்பர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ரிடையராகித் திருச்சியில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தரம் பொங்கல் வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். கூப்பிட்டேன். ஊர் விசாரணையெல்லாம் ஆன பிறகு மெதுவாகக் கேட்டேன்: “டிரில் சார் நம்மை ஏன் ஹோட்டலுக்கே அழைச்சுக்கிட்டுப் போகலை, தெரியுமா உனக்கு?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “உனக்கு இப்பத்தான் தெரியுமா?” என்றான்.

நான் சேர்வதற்கு முந்தின வருஷம் நடந்ததாம். போட்டிக்குப் போன இடத்தில் எல்லாருமாக ஒரு ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இலை போட்டாயிற்று. முதலாளி வந்து பார்த்தான். அந்த ஊரில் இவனுடைய உறவினர்கள் சிலரை அவனுக்குத் தெரியும். எந்தத் தெருப் பையன் என்று கண்டுகொண்டான். ‘இந்தத் தம்பி மட்டும் கொல்லைப் பக்கம் வரட்டும், அங்கே இலை போடச் சொல்றேன்’ என்றானாம். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். எழுந்து, போட்ட பன்னிரண்டு இலைக்கும் பணத்தை எண்ணிக் கல்லாவில் வைத்துவிட்டு, எல்லாரையும் கிளப்பி வெளியே அழைத்து வந்துவிட்டாராம். மற்றப் பையன்களிடம், ‘சாம்பார் ஊசிப் போயிருக்கு’ என்றாராம். அதற்குப் பிறகுதான் புளியோதரை.

“படியிலே மிச்சம் பிடிச்சதா சொன்னீங்களே, அதுலதான் எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார்” என்றான். “உனக்கும் ஒரு முழங்கால் பட்டை வாங்கினாரே, மறந்துட்டியா?”

“சாரைக் கூப்பிட்டு விசாரிச்சப்போ இதைச் சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்லுவார்? சொன்னா என் பேரையில்ல சொல்லணும்?”

மனுவை எழுதியது யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் நடை அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ராபின்ஸனின் கதையை அதற்குப் பிறகு வேறு மாதிரிப் படித்தேன். அவர் ஜெயித்த கணக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும். ஜெயித்த பையன்களை அவர் எங்கே அனுப்பினார் என்று பாருங்கள். 1949 வரையில் கறுப்பர் கல்லூரியிலிருந்து ஒருவன் கூட அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகில் ஆடியதில்லை. அந்த வருஷம் கிராம்பிளிங்கிலிருந்து பால் யங்கர் என்ற பையனை லாஸ் ஏஞ்ஜல்ஸ் ராம்ஸ் எடுத்துக்கொண்டது. ‘டாங்க்’ என்று பட்டப் பெயர், ஆகிருதி அப்படி. ராபின்ஸன் அவனிடம், நீ தோற்றுத் திரும்பினால், ‘இவர்களில் சிறந்தவனை எடுத்துப் பார்த்தோம், தேறவில்லை’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள், என்று எச்சரித்து அனுப்பினார். டாங்க் தேறினான். அந்தக் கதவு வழியாக ராபின்ஸனின் மாணவர்கள் இருநூறு பேருக்கு மேல் போனார்கள்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற இடத்துக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அந்த இடத்துக்கு மூளை வேண்டும், கறுப்பர்களுக்கு ஓடத்தான் தெரியும் என்பது முதலாளிகளின் அபிப்பிராயம். ராபின்ஸன் இதற்கென்றே ஜேம்ஸ் ஹாரிஸைத் தயார் செய்தார். 1969-ல் பஃபலோ அணியின் முதல் பந்தயத்திலேயே ஹாரிஸ் அந்த இடத்தில் நின்றார். அப்புறம் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31-ந் தேதி சூப்பர் பவுல் என்ற மகா போட்டியில் வாஷிங்டன் அணிக்காக ஆடி, இரண்டாவது கால் பகுதியில் மட்டும் நாலு டச்டவுனுக்குப் பந்து எறிந்தார். நாற்பத்திரண்டுக்குப் பத்து. ஆட்ட நாயகனும் அவர்தான்.

முள் கத்தியை எந்தக் கையில் பிடிப்பது, கழுத்துப் பட்டியை எப்படிக் கட்டுவது, உத்தியோகத்துக்குப் பேட்டி காண வந்தவரை எப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்பதெல்லாம் கூட அவர் பயிற்சியில் சேர்த்தி. காலையில் ஒரு மணியைக் கையில் எடுத்துக்கொண்டு விடுதியில் அறை அறையாக ஆட்டிக்கொண்டே போய்ப் பையன்களை எழுப்புவார். சர்ச்சுக்கும் போக வேண்டும், வகுப்புக்கும் போக வேண்டும். இவ்வளவுக்கும் எல்லாரும் அவரைக் கொண்டாடிக்கொண்டே இருந்ததாக நினைக்கக் கூடாது. 1967-ல் கிராம்பிளிங் மாணவர்களே, இங்கே படிப்பைவிடப் பந்துக்குத்தான் மரியாதை என்று கிளர்ச்சி செய்தார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்காவைக் குறை சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று அவர் மேல் வாலிபர்களுக்குக் கோபமும் உண்டு. அந்தக் கோபத்திலும் எனக்கு அனுதாபமே.

ஆனால் விதியின் வேடிக்கையைப் பாருங்கள். எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று பாடுபட்டாரோ அது திறந்தபோது அவருடைய வீடு காலியாக ஆரம்பித்தது. 1970 செப்டம்பரில் தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் அணி, கறுப்பு ஆட்டக்காரர்களுடன் அலபாமாவுக்கு வந்து, முழு வெள்ளையர் அணியாகக் களம் இறங்கிய அலபாமாவை நாற்பத்திரண்டுக்கு இருபத்தொன்று என்று அடித்தது. அதைச் சுற்றிய வருஷங்களில் தெற்கத்திய வெள்ளையர் சர்வகலாசாலைகள் ஒவ்வொன்றாகக் கறுப்புப் பையன்களைத் தேடி வீட்டு வாசலில் வந்து நின்றன. பெரிய மைதானம், பெரிய பணம், டெலிவிஷன். முன்பெல்லாம் கிராம்பிளிங்கைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத பையன்கள் அங்கே போனார்கள். அவர்களைப் போக வேண்டாம் என்று ராபின்ஸன் எப்படிச் சொல்ல முடியும்? பையன்களை அழைத்துக்கொண்டார்களே தவிர, கோச்சுக்கு அந்தப் பெரிய இடங்களில் நாற்காலி போட யாரும் அவசரப்படவில்லை. மேல்மட்டக் கல்லூரி அணி ஒன்று கறுப்பர் ஒருவரைத் தலைமைக் கோச்சாக வைத்தது 1979-ல்; தொழில்முறை லீகில் நவீன காலத்தில் அது நடந்ததோ 1989-ல்.

1985 அக்டோபரில் அவர் தம்முடைய 324-வது வெற்றியைப் பெற்று, அலபாமாவின் புகழ் பெற்ற கோச் பேர் பிரையன்டின் கணக்கைத் தாண்டினார். 1995-ல் நானூறு. சின்னக் கல்லூரி கோச்சுகளின் உறுதியே தனி. மின்னஸோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற இடத்தில் ஜான் கல்யார்டி என்று ஒருவர் அறுபது வருஷம் இருந்து, 2003-ல் ராபின்ஸனின் கணக்கையும் தாண்டி, 489-ல் போய் நின்றார். அது வேறு கதை.

ராபின்ஸன் சரியான நேரத்தில் விலகியிருக்கலாம். விலகவில்லை. 1995-ல் ஆறு தோல்வி. 1996-ல் எட்டு. போகச் சொன்னார்கள், ஊரே கூச்சல் போட்டது, போகட்டும், இன்னும் ஒரு வருஷம் என்றார்கள். 1997-லும் எட்டுத் தோல்வி. நவம்பர் 29-ந் தேதி நியூ ஆர்லீன்ஸில் கடைசிப் பந்தயம், ஏழுக்கு முப்பது என்று தோல்வி. மொத்தம் 408 ஜெயம், 165 தோல்வி, 15 சமன். ஐம்பத்தைந்து பருவங்கள், ஒரே கல்லூரி. ஒரே உத்தியோகமும் ஒரே மனைவியுமாக இருந்ததுதான் தம்முடைய நிஜமான ரிக்கார்டு என்று சொல்லிக்கொள்வாராம். அடுத்த கோச்சாக வந்தவர் அதே டக் வில்லியம்ஸ். ராபின்ஸனுக்குப் பிறகு ஞாபக மறதி நோய் வந்தது. 2007 ஏப்ரல் 3-ந் தேதி காலமானார். மணிக்கு இருபத்தைந்து சென்டுக்கு மூட்டை தூக்கிய அதே பேட்டன் ரூஜில், மாகாண சட்டசபை மாளிகையின் மண்டபத்தில் அவர் உடலை ஜனங்களின் தரிசனத்துக்கு வைத்தார்கள்.

பேரனுடைய கட்டுரைக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆனால் எனக்கு அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. “அப்பா, அங்கே ஒண்ணுமே கிடையாது, நாலு மணி நேரம் கார் ஓட்டணும்” என்றான் என் பிள்ளை. ஒரு விடுமுறைத் திங்களன்று பேரனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாதை நெடுகப் பைன் மரங்கள். ஷ்ரீவ்போர்ட் தாண்டி இன்னும் அறுபது மைல். ரஸ்டன் ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பினால் கிராம்பிளிங். பழைய பெண்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் ராபின்ஸனுக்கு மியூசியம் வைத்திருக்கிறார்கள். விடுமுறையன்று திறந்திருக்குமா என்று யாரும் விசாரிக்காமல் கிளம்பிவிட்டதால், நாங்கள் பார்த்தது பூட்டின கதவைத்தான். என் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தான்.

மைதானத்துப் பக்கம் போனோம். வேலிக்கு வெளியே ஒரு பெஞ்சில் வயசான கறுப்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வயசுதான் இருக்கும். பேரன் தன் கட்டுரை விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாம் இரண்டு வருஷம் அணியில் இருந்ததாகவும் ஒரு பந்தயத்தில் கூட இறக்கப்படவில்லை என்றும் சொன்னார். “அப்படியானால் கோச் மேல் உங்களுக்குக் கோபமில்லையா?” என்று பேரன் கேட்டான். அவர் சிரித்தார். ஆட விடவில்லை, ஆனால் தினம் காலையில் மணியை அடித்துக்கொண்டு வரும்போது என் கதவண்டை நின்று என்னையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்றார்.

திரும்பும் வழியில் பசித்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஹோட்டலில் நிறுத்தினோம். உள்ளே வெள்ளைக்காரர், கறுப்பர், மெக்ஸிகோக்காரர், நாங்கள் மூவர், எல்லாரும் அடுத்தடுத்த மேஜையில். பேரன் வறுத்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். கட்டுரையின் கடைசியில், எழுதுகிறவர் வீட்டிலே பெரியவர் ஒருவரையும் விசாரித்து, அவருக்குச் சொல்லிக் கொடுத்த கோச்சைப் பற்றி நாலு வரி சேர்க்க வேண்டுமாம். கோச் சொன்னாராம்.

“உங்களுக்குக் கோச் இருந்தாரா, தாத்தா?”

“இருந்தார்.”

“அவர் என்ன பண்ணினார்?”

சொன்னேன். புளியோதரையைச் சொன்னேன். பன்னிரண்டு இலையைச் சொன்னேன். மனுவையும் சொன்னேன். என் பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவனுக்கும் இது புதிது. பேரன் பென்சிலை எடுத்துக்கொண்டு, “அவர் பேர் என்ன? ஸ்பெல்லிங் சொல்லுங்க” என்றான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.